கேட்டு வீட்டில் ஆறு வாரம்

விடைபெற்றுக்கொண்டு போகத்தான் வெள்ளையம்மா வந்தாள்.

மலாய் நாட்டில் ரப்பர் விலை தரைமட்டத்துக்கு விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. முப்பது வருஷம் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்களையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு, கப்பல் சீட்டு தருகிறோம், ஊரைப் பார்த்துப் போங்கள் என்று அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சாஆ என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் அப்படிப் பேர் எழுதப்பட்டவர்களில் வெள்ளையம்மாவும் ஒருத்தி. வயது ஐம்பத்தெட்டு. கப்பலுக்கு ஒன்பது நாள் இருந்தது. போவதற்குள் மருமகன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று விடிகிற நேரத்தில் கிளம்பி, பாதி வழி மாட்டுவண்டியிலும் மீதி வழி நடந்துமாக வந்தாள்.

மருமகன் அர்ச்சுனன் ரயில்வேயில் கேட்டுக்காரன். லாபிஸுக்குத் தெற்கே, செம்மண் சாலை தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டுகிற இடத்தில் அவனுக்கு ஒரு பலகை வீடு. தண்டவாள மேட்டை ஒட்டிக் கட்டைக்கால்களின்மேல் நின்றது. ஒரு பக்கம் வரிசை வரிசையாக ரப்பர் மரங்கள். மறுபக்கச் சரிவில் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தின் தென்னைகள், அதற்கும் அப்பால் ஆறு. மணி அடித்தால் கேட்டைச் சாத்துவான், வண்டி போனதும் திறப்பான். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் அவன் மட்டும்தான். வெள்ளையம்மாவின் ஒரே மகள் ராசம்மா, அவனுக்கு வாழ்க்கைப்பட்ட மூன்றாம் வருஷம், அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்த பிறகு மாமியார் அந்தப் பக்கம் வரவில்லை. அவனும் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. சண்டை என்று ஒன்றும் கிடையாது. இருவருக்கும் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தவள் போய்விட்டாள், அவ்வளவுதான்.

ராசம்மா இருந்த நாளிலும் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசியதில்லை. அவன் உள்ளே வந்தால் வெள்ளையம்மா எழுந்து கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். "மாப்பிள்ளைய கை கழுவச் சொல்லு" என்று மகளிடம் சொல்வாள். மகள் அடுப்படியில் இருந்தால் அதையே சுவரிடம் சொல்வாள். அவனும் சுவருக்கே பதில் சொல்லிவிட்டுக் கை கழுவுவான். மரியாதை என்றால் அதுதான் மரியாதை.

அவள் வந்த அன்று பகல் சரக்கு வண்டிக்காகக் கேட்டு சாத்தியிருந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கச் சாலையில், தலையில் சின்ன மூட்டையோடு ஒரு பெண் வந்து நிற்பதைப் பார்த்தான். யாரென்று தெரிவதற்குள் வண்டி குறுக்கே வந்துவிட்டது. நீளமான வண்டி. பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்கு அவள் தெரிவாள், மறைவாள். அத்தையா? மறுபடி தெரிந்தபோது மூட்டை தலையில் இல்லை. மறுபடி, ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது. அடுத்த இடைவெளியில் வெறும் சாலைதான் தெரிந்தது. கடைசிப் பெட்டி போய்ச் சத்தம் ஓய்ந்தபோது, சிவப்புப் புழுதியில் வெள்ளையம்மா ஒருக்களித்துக் கிடந்தாள், தூங்குகிறவளைப் போல.

அவளைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கட்டிலில் கிடத்தினான். உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை. உதடு நீலம் பாரித்திருந்தது. கண் திறந்து அவனைப் பார்த்தவள், அந்த நிலையிலும் முந்தானையை இழுத்து முகத்தை மறைக்கப் பார்த்தாள். கை எழும்பவில்லை.

தண்டவாள வேலையாள் செல்லப்பன் ஓடிப்போய், பக்கத்துத் தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் சாம்பசிவத்தைச் சைக்கிளோடு கூட்டிவந்தான். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த மனிதர். ஊசி போட்டார். நெடுநேரம் குழாயை வைத்து நெஞ்சைக் கேட்டார். பிறகு அர்ச்சுனனை வாசலுக்கு அழைத்துப் போனார்.

"மாரடைப்பு. கடுமையாத்தான் வந்திருக்கு. உயிர் தப்பினதே பெரிய காரியம். இந்த ரோட்டில வண்டியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் வழியிலேயே போயிடுவா. இஞ்சையே கிடக்கட்டும். ஆறு கிழமைக்கு ஆளை அசைக்கக் கூடாது."

"ஆறு கிழமைன்னா, ஆறு நாளா சார்?"

"ஆறு வாரமப்பா! தலையணையில இருந்து தலையைத் தூக்கக் கூடாது. கையைத் தூக்கித் தலை வாரவும் கூடாது. சோறு ஊட்டிவிட வேணும். உப்பு வேண்டாம். கோவம், துக்கம், பெரிய சந்தோசம் ஒண்டும் கிட்ட வரக் கூடாது. கூடக் கதைக்கவும் விடாதை. முறிஞ்ச எலும்பு மாதிரி, இதயம் தானாத்தான் சேர வேணும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஆர் பாக்கிறது?" என்று கேட்டார்.

"நான் இருக்கேன்."

"பொம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?"

அப்போது செல்லப்பன், தன் வீட்டுக்காரி புஷ்பவள்ளி காலையும் மாலையும் வந்து போவாள் என்றான். அவர்கள் குடியிருப்பு அரை மைலில் இருந்தது. டிரெசர் போகும்போது அர்ச்சுனனின் விரலைப் பிடித்து வெள்ளையம்மாவின் மணிக்கட்டில் வைத்து, நாடி எண்ணக் கற்றுக்கொடுத்தார். சுவரில் ரயில்வே கடியாரம் இருந்தது. நாடி தப்பி ஓடினால் ஆள் அனுப்பு என்றார்.

அப்படித்தான் அந்த ஆறு வாரம் தொடங்கியது.

புஷ்பவள்ளி காலையில் வந்து உடம்பு துடைத்து, சேலை மாற்றி, படுக்கையிலேயே மலஜலம் கழிக்க ஆஸ்பத்திரியிலிருந்து டிரெசர் கொடுத்த பீங்கான் சட்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். மாலையில் மறுபடி வருவாள். நடுவில் உள்ள பகல் முழுவதும் அர்ச்சுனன்தான். கஞ்சி ஊட்டுவதுதான் முதலில் பெரும்பாடாக இருந்தது. கரண்டியோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் கண்ணைத் திருப்பினாள். நாடி தடதடவென்று ஓடியது. கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தான். அங்கிருந்து கையை நீட்டினால் அவளுக்கு அவன் முகம் தெரியாது. கரண்டி மட்டும் காற்றில் தானாக மிதந்து வருவதுபோல வரும். ஒரு நிமிஷம் அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"மாப்பிள்ளை கஞ்சி குடிச்சாச்சான்னு தெரியல" என்றாள் கூரையைப் பார்த்து.

"குடிச்சாச்சு" என்றான் கூரைக்கு.

அவனுக்கும் அதே உப்பில்லாத கஞ்சிதான். இரண்டு விதமாகச் சமைக்க நேரமில்லை.

மணி அடிக்கும். கரண்டியை வைத்துவிட்டு ஓடுவான். கேட்டைச் சாத்தி, பச்சைக்கொடியைப் பிடித்து நிற்பான். வண்டி போகும். வீடு முழுவதும் நடுங்கும், அலமாரியில் பாத்திரங்கள் மெல்லக் கிணுகிணுக்கும். திரும்பி வரும்போது அவள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். மருந்தும் களைப்புமாக அவளுக்குப் பகலும் தூக்கமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டிருந்தன. அவனுக்கும் போகப்போக அப்படித்தான் ஆனது. செவ்வாயா புதனா என்பது மறந்தது. எட்டு மணி வண்டி, பகல் சரக்கு, மூன்று மணி வண்டி, இவைதான் நாள். இவற்றுக்கு நடுவில் ரப்பர் மரத்து நிழல் தரையில் நகர்ந்து நகர்ந்து கட்டில்கால்வரை வந்து, பின்வாங்கிப் போகும். காலையில் பனி மரங்களுக்கிடையே தரையோடு தரையாக நிற்கும்போது, வீட்டுக்கு வெளியே உலகம் என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருக்கும்.

இரண்டாம் வாரத்தில் அவள் ராசம்மாவோடு பேசத் தொடங்கினாள்.

"ராசு, விளக்கேத்தினியா?"

அர்ச்சுனன் வாசற்படியில் விறைத்து நின்றான். பகல் இரண்டு மணி. அவள் கண் பாதி மூடியிருந்தது.

"ராசு... கேக்குறேன்ல? விளக்கேத்தினியா?" குரலில் பதற்றம் ஏறியது. தலையைத் தூக்கப் பார்த்தாள். தூக்கக் கூடாதே என்று அவனுக்குப் பகீரென்றது. தலைமாட்டுக்குப் பின்னால் வந்து, மெதுவாகச் சொன்னான்:

"ஏத்தியாச்சும்மா."

"உம்" என்று தலை தலையணையில் தணிந்தது.

அதிலிருந்து அவள் மகளைக் கேட்டதற்கெல்லாம் அவனே பதில் சொன்னான். கோழியை அடைத்தாயா? அடைச்சாச்சு. உலையில் அரிசி போட்டாயா? போட்டாச்சு. தலைக்கு எண்ணெய் வைத்தாயா? இதற்குக் கொஞ்சம் தயங்கி, "வச்சாச்சு" என்றான். சொல்லச் சொல்ல, அடுத்த அறையில் ராசம்மா நிஜமாகவே எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பதுபோல அவனுக்கே தோன்றும். திரும்பிப் பார்க்காமல் இருப்பான். பார்த்தால் போய்விடுவாளோ என்று பயம்.

கப்பலுக்குப் போகிறவர்கள் ஒரு காலை வண்டியில் போனார்கள். அந்த வண்டி அங்கே எப்போதும் மெதுவாகத்தான் போகும். சன்னலெல்லாம் தெரிந்த முகங்கள். தலைமுடி நரைத்தவர்கள், மடியில் தகரப்பெட்டியை வைத்துக்கொண்டிருந்தவர்கள், பிள்ளைகள். யாரோ ஒருத்தி தலையை நீட்டி, "வெள்ளையம்மாக்கா எப்படி இருக்கு?" என்று கத்தினாள். அர்ச்சுனன் பச்சைக்கொடியை உயர்த்தி ஆட்டினான். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று அந்தக் கொடிக்குத் தெரிந்த மட்டும் சொல்லட்டும்.

உள்ளே வந்தபோது அவள் விழித்திருந்தாள்.

"யாரோ என் பேரைச் சொன்னாங்க."

"வண்டிச் சத்தம்" என்றான் சுவரிடம்.

அவள் கண்ணோரத்தில் நீர் ஊறி, காதுப்பக்கமாக இறங்கியது. அதைத் துடைக்கவும் கை தூக்கக் கூடாது. அவன் துண்டின் நுனியால் பின்னாலிருந்து ஒற்றியெடுத்தான்.

நாலாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் ஓயவில்லை. ஆறாம் நாள் காலை அர்ச்சுனன் கதவைத் திறந்தால், சரிவு இல்லை, சாலை இல்லை. தென்னைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. மழை விட்டிருந்தது. வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறத்தில், எது எங்கே முடிகிறதென்று தெரியாமல் கிடந்தன. தண்டவாள மேடும் அதன்மேல் அந்த வீடும் மட்டும் ஏதோ ஓடத்தைப்போல நடுவில். மணி அடிக்கவில்லை. இரண்டு பக்கமும் எங்கோ பாதை முழுகியிருக்க வேண்டும். புஷ்பவள்ளி வர வழியில்லை.

"வண்டி ஏன் வரல?" என்றாள் வெள்ளையம்மா.

கவலைப்படுத்தக் கூடாது என்பது அவன் நினைவில் இருந்தது. "கொஞ்சம் தண்ணி. வடிஞ்சிரும்."

மணி எட்டானது, ஒன்பதானது. அவள் முகத்தில் வியர்வை துளிர்ப்பதைப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாடி பிடித்தான், துள்ளியது. நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையசைத்தாள். "புஷ்பம் எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டாள், மெல்லிய குரலில். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. முக்கவோ அடக்கவோ விடாதே, அதிலேயே உயிர் போய்விடும் என்று டிரெசர் சொல்லியிருந்தார்.

அர்ச்சுனன் எழுந்தான். கம்பளியை எடுத்து அவள் இடுப்புக்குமேல் கூடாரம்போல் விரித்தான். பீங்கான் சட்டியைக் கம்பளிக்கடியில், புஷ்பவள்ளி வைப்பதுபோல, வைத்தான். பிறகு சன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே ஒரே அமைதி. வெள்ளத்தில் வேறு சத்தமும் இல்லை. அந்த அமைதியில் அவள் வெட்கம் அவன் முதுகில் வந்து இடித்தது. ஆகவே பேச ஆரம்பித்தான். உரக்கப் பேசினான்.

"அத்தை, பாருங்க, ஒரு கோழி வருது. பலகை மேல உக்காந்துக்கிட்டு வருது! ராசாத்தி மாதிரி. தொரை வீட்டுக் கோழியா இருக்கும், அந்த மிடுக்கப் பாத்தா. பின்னாலயே ஒரு பலாப்பழம் வருது. முழுப் பழம். ஐயையோ, கோழியும் பழமும் முட்டிக்கிச்சு. இல்ல, விலகிடுச்சு. இங்க தந்திக் கம்பி மேல ஒரு பாம்பு, தொவைச்சுக் காயப்போட்ட துணி மாதிரி தொங்குது. ரப்பர் கொட்டையா மெதக்குது அத்தை, ஆயிரம், பத்தாயிரம், எல்லாம் ஒரே பக்கமா போகுது, திருவிழாவுக்குப் போற கூட்டம் மாதிரி..."

எவ்வளவு நேரம் பேசினானோ. பின்னாலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று திடுக்கிட்டான். சிரித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு குலுங்காமல், மூச்சிலேயே.

"அந்தக் கோழி என்னாச்சு?" என்றாள்.

"தென்னமரத்துல ஏறிடுச்சு."

எல்லாம் முடித்து, வெந்நீர் வைத்து, கை கால் முகம் துடைத்துவிட்டான். கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தாள். கஞ்சியோடு வழக்கம்போல் தலைமாட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தபோது அவள் சொன்னாள்:

"இந்தப் பக்கம் வாங்க."

அவனுக்குப் புரியவில்லை.

"முன்னால வந்து உக்காருங்க. இனிமே என்ன இருக்கு மறைக்க?"

முக்காலியைக் கொண்டுவந்து எதிரே போட்டு உட்கார்ந்தான். தண்ணீரின் வெளிச்சம் சன்னல்வழி ஏறிக் கூரையெல்லாம் அலையடித்துக்கொண்டிருந்தது. அவள் முகத்திலும் அலையடித்தது. நெடுநேரம் அவனைப் பார்த்தாள்.

"எளைச்சுப் போயிட்டீங்க" என்றாள். பிறகு, "ராசு மாதிரி பதில் சொன்னது நீங்கதான்னு தெரியும். மொதல்ல தெரியல. பின்னால தெரிஞ்சுது. தெரிஞ்சும் கேட்டேன். நல்லா இருந்துச்சு."

அவன் கரண்டியைக் கஞ்சியில் வைத்தான். இரண்டு வருஷமாக உள்ளே கிடந்தது தானாக வாய்க்கு வந்துவிட்டது. "அத்தை, நான்தான் சொல்லியனுப்ப நேரமாக்கிட்டேன். மொத நாளே ஆள் அனுப்பியிருந்தா நீங்க வந்து பாத்திருப்பீங்க. சரியாப் போயிடும், சரியாப் போயிடும்னு இருந்துட்டேன்."

வெள்ளையம்மா கூரையிலிருந்த அலைகளைப் பார்த்தாள்.

"சேதி நேரத்துக்குத்தான் வந்துச்சு" என்றாள். "சாயங்காலமே வந்துருச்சு. வண்டிக்காரன் லயத்து வீட்டு வாசல்லயே நின்னான், வர்றியா ஆத்தான்னு கேட்டான். காய்ச்சல்தானே, அவளுக்கு எப்பவும் வர்றதுதானே, விடிஞ்சு போலாம்னு நான்தான் படுத்துக்கிட்டேன். விடியறதுக்குள்ள..." நிறுத்தினாள். "இதைச் சொல்லிட்டுப் போகத்தான் அன்னிக்கு வந்தேன். சொல்லாம கப்பல் ஏற முடியல."

அவன் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். முதலில் நாடிக்குத்தான். கடியாரத்தைப் பார்த்தான், முள் நகர்ந்தது, எண்ண மறந்தான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. ஒரே குற்றத்தை இரண்டு பேரும் இரண்டு வீட்டில் தனித்தனியாகச் சுமந்துகொண்டு, ஒருவர் மற்றவரைப் பார்க்க அஞ்சிக் கிடந்திருக்கிறோமே என்ற நினைப்புதான் வந்தது.

"நீங்க வந்திருந்தாலும் அவ போயிருப்பா அத்தை."

"போயிருப்பா. ஆனா மொகத்தைப் பாத்திருப்பேன்."

"ஆமா" என்றான். அதை இல்லை என்று அவனால் சொல்ல முடியவில்லை. "பாத்திருப்பீங்க."

இருவரும் அழுதார்கள், சத்தமில்லாமல். டிரெசர் அறிந்திருந்தால் கொன்றே போட்டிருப்பார். ஆனால் நாடி என்னவோ, அவன் மறுபடி எண்ணிப் பார்த்தபோது, அந்த நாலு வாரத்தில் இல்லாத சீராக ஓடிக்கொண்டிருந்தது.

நடுப்பகலில் கம்பத்திலிருந்து பாக் லெமான் என்ற கிழவர் சம்பான் என்கிற சிறு படகைத் தள்ளிக்கொண்டு வந்தார். படிக்கட்டருகே நிறுத்தி, இலையில் சுற்றிய மரவள்ளிக்கிழங்கும் இரண்டு மீனும் நீட்டினார். திறந்த கதவுவழியே கட்டிலைப் பார்த்து, தலையைச் சாய்த்து மெல்ல ஏதோ கேட்டார். அர்ச்சுனன் பதில் சொன்னான். அவர் நெஞ்சில் கை வைத்து வணங்கிவிட்டுத் தென்னைகளுக்கிடையே மறைந்தார்.

"என்ன கேட்டாரு?" என்றாள் உள்ளேயிருந்து.

"உங்க அம்மாவான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. சேறு பூசிய உலகம் மெல்ல வெளியே வந்தது. செல்லப்பனும் கூட்டாளிகளும் தண்டவாளத்துக்கு அடியில் அரித்துப்போன இடத்தில் கல் கொட்டி அடித்தார்கள். முழங்கால்வரை சேற்றோடு ஓடிவந்த புஷ்பவள்ளி, உள்ளே மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "வெள்ளத்துல என்னென்னமோ அடிச்சுக்கிட்டுப் போச்சு போல" என்றாள்.

ஆறு வாரம் முடிந்த அன்று டிரெசர் வந்து, தலைக்குக் கீழே ஒரு தலையணை கூட வைக்கச் சொன்னார். மறுநாள் இரண்டு. அப்புறம் சாய்ந்து உட்காருவது, பிறகு காலைத் தொங்கவிடுவது. முதன்முதல் தரையில் பாதம் வைத்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. "தரை பஞ்சு மாதிரி இருக்கு" என்றாள் ஆச்சரியத்தோடு. அர்ச்சுனனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கதவுவரை எட்டடி நடக்க ஒரு வாரம் பிடித்தது. கதவிலிருந்து முற்றத்துப் பப்பாளி மரம்வரை இன்னொரு வாரம். தைப் பொங்கலுக்கு நாற்காலியில் உட்கார்ந்து வாயாலேயே பொங்கல் வைத்தாள். கை எல்லாம் புஷ்பவள்ளியின் கை.

"மரம் வெட்டுறது, தண்ணி தூக்கிறது எல்லாம் இனி மறந்துபோ" என்றார் டிரெசர். "மெல்ல நட, மெல்லச் சாப்பிடு, மெல்லச் சண்டை பிடி."

மாசி பிறக்கும்போது தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணியார் ஜெயபாலன் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர்தான். கேட்டில் சாய்ந்து நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஆத்தா, இந்த மாசம் இருபதாம் தேதி இன்னொரு கப்பல் இருக்கு. உங்க பேரை அதுல போட்டு வச்சிருக்கேன். இதை விட்டா மறுபடி சீட்டு கெடைக்கும்னு சொல்ல முடியாது. லயத்து வீட்டையும் வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. ரெண்டு நாள்ல வர்றேன், போறீங்களா இல்லையான்னு சொல்லிடுங்க."

"மாப்பிள்ளை என்ன சொல்றாங்கன்னு பாக்கலாம்" என்றாள் வெள்ளையம்மா.

அர்ச்சுனன் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். என்ன சொல்வது? இரு என்றால், நாலு மாசம் பார்த்துக்கொண்டதைக் காட்டிக் கட்டிப்போட்டதாகும். அங்கே அவளுக்குத் தம்பி ஒருவன் இருக்கிறான், பிறந்த மண் இருக்கிறது. போ என்று சொல்ல வாயே வராது. "அத்தை இஷ்டம்" என்றான்.

அவள் தலையாட்டினாள். அன்று மாலை புஷ்பவள்ளியிடம் தன் மூட்டையை எடுத்துவரச் சொல்லி, சேலைகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள். மறுநாள் கஞ்சியில் பாதியை வைத்துவிட்டாள்.

பாத்திரம் கழுவும் இடத்தில் புஷ்பவள்ளி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் புத்தி இருக்கா?"

"நான் என்ன பண்ணேன்?"

"அத்தை இஷ்டம்னா என்ன அர்த்தம்? விருந்தாளி கெளம்புறப்போ சொல்ற பேச்சு அது. மக செத்த வீட்டுல இருக்கேன்னு அந்தம்மா தானா எப்படிச் சொல்லும்? வாயத் தொறந்து நீங்கதான் கேக்கணும்."

அவன் ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். பிறகு உள்ளே போனான். வெள்ளையம்மா சன்னலோரம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். டிரெசர் அனுமதித்த ஒரே வேலை அது. மூட்டை கட்டிலின்மேல் இருந்தது.

"இருங்க அத்தை" என்றான்.

விரல் நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்காக இருங்க. எனக்கும் யாரும் இல்ல."

அவள் ஒரு கல்லை எடுத்துச் சன்னலுக்கு வெளியே போட்டாள். "அந்தத் தம்பி மொகமே எனக்கு மறந்துபோச்சு" என்றாள். "கப்பல்ல எறங்குனா எந்தப் பக்கம் போகணும்னுகூடத் தெரியாது. நேத்திருந்து எப்ப கேப்பீங்க, எப்ப கேப்பீங்கன்னு உக்காந்திருக்கேன். ஆம்பளைக்கு இவ்வளவு மந்தம் ஆகாதுய்யா."

இரண்டு நாள் கழித்துக் கிராணியார் வந்தபோது அவளே எழுந்து, தூணைப் பிடித்து நின்று, பேரை அடித்துவிடச் சொன்னாள்.

அதன்பிறகு ஐந்து வருஷம் இருந்தாள். மழைக்காலத்தில் மூச்சு வாங்கும். அவள் உதட்டு நிறத்தைப் பார்த்தே அர்ச்சுனன் மருந்துக்கு ஆள் அனுப்பப் பழகிக்கொண்டான். அவனுக்கு மறுபடி பெண் பார்த்ததும் அவள்தான். வந்தவள் சந்திரமதி அவளை அத்தை என்றே கூப்பிட்டாள். அதெல்லாம் பின்னால் நடந்தவை.

கிராணியார் சைக்கிள் ஏறிப் போன அந்தப் பகலில், சாப்பாட்டுக்குப்பின் அர்ச்சுனன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். நாலு மாசத்தில் முதல் தடவையாகப் பகலில் கண் அசந்துவிட்டான். ரப்பர் மரத்து இலையெல்லாம் சிவந்து உதிர்ந்துகொண்டிருந்த நாட்கள். காற்றில்லாமலே ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றி இறங்கும் சத்தம் தூக்கத்துக்குள்ளும் கேட்டது. யாரோ எங்கோ வெகுதூரத்தில் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டுவதுபோலவும் இருந்தது. எழுந்திருக்க மனமில்லை.

தோளில் ஒரு கை பட்டது. மெலிந்த, எடையே இல்லாத கை.

"ஐயா, மணி அடிக்குது. எந்திரிங்க."

கண் விழித்தான். வெள்ளையம்மா குனிந்து நின்றிருந்தாள், கட்டிலிலிருந்து தானாகவே நடந்து வந்து. அவளைப் பார்த்தபடியே ஒரு நொடி உட்கார்ந்திருந்துவிட்டு, கொடியை எடுத்துக்கொண்டு ஓடினான். கேட்டைச் சாத்தினான். மூன்று மணி வண்டி உதிர்ந்த இலைகளையெல்லாம் வாரி எழுப்பிக்கொண்டு கடந்துபோனது.